உயரத்திலிருந்து பேசும் சொற்கள்

சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி ஆங்கில வாசிப்புப் பகுதியொன்றோடு என்னிடம் வந்தாள். "ரீச்சர், அரகன்ட் எண்டாலும் பெருமை, ஹோட்டி எண்டாலும் பெருமை, ஸ்னொப் எண்டாலும் பெருமக்காரன். அகராதியில எல்லாத்துக்கும் ஒரே கருத்துத்தான் கிடக்கு. அப்ப ஏன் இத்தன சொல்லு?" என்று கேட்டாள். வகுப்பில் ஐந்து நிமிடத்தில் நான் சொன்ன பதில் எனக்கே திருப்தி தரவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். பெற்றோரும் வாசிக்கும் மலர் என்பதால் ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

அரகன்ட் என்பதன் இலத்தீன் வேர், தனக்கு உரித்தல்லாததைத் தனதென்று கோருவதைக் குறிக்கும். நமது 'ஆணவம்' இதற்குப் பொருந்தும். ஹோட்டி, உயரம் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 'மேட்டிமை' என்று எழுதலாம். இவ்விரண்டிலும் பெரிய சிக்கல் இல்லை.

சூப்பசிலியஸ் சுவையான சொல். இலத்தீனில் புருவத்தைக் குறிக்கும் சொல் அது. புருவத்தை உயர்த்தி ஒருவரை அளந்து பார்க்கும் முகம்தான் அதன் பொருள். இதை வாசித்தபோது எனக்கு ஸூரா லுக்மானின் 18ஆவது வசனம் நினைவுக்கு வந்தது. மனிதர்களைவிட்டுக் கன்னத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாமென்று லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொல்கிறார்கள். அங்கு வரும் அரபு வினைச்சொல், ஒட்டகத்தின் கழுத்தைக் கோணலாக்கும் ஒரு நோயின் பெயரோடு தொடர்புடையது என்பது தப்ஸீர்களில் உள்ள விளக்கம். ஒரு மொழி புருவத்தைப் பிடித்தது, மற்றது கழுத்தைப் பிடித்தது.

ஸ்னொப் என்ற சொல்லின் கதை வேறு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது செருப்புத் தைப்பவரைக் குறித்தது. பின்னர் கேம்பிரிட்ஜ் மாணவர்கள், பல்கலைக்கழகத்தைச் சேராத ஊர்வாசிகளை அப்படி அழைத்தார்கள். தாக்கரே 1846, 47ஆம் ஆண்டுகளில் 'பன்ச்' இதழில் எழுதிய தொடர், 1848இல் 'ஸ்னொப்களின் புத்தகம்' என்று நூலானது. அதன்பின், பெரிய இடத்தைப் பார்த்துப் பல்லிளித்துச் சிறிய இடத்தைப் பார்த்து முகஞ்சுளிப்பவரே ஸ்னொப் ஆனார். எறிந்த கல் எறிந்தவரிடமே திரும்பி வந்த மாதிரி. (ஒலுவில் வளாகத்துக்கும் மற்ற இடங்களுக்கும் போகக் காத்திருக்கும் பிள்ளைகள் இதை மறக்க வேண்டாம்.)

உண்மையில் கடினமானவை கொன்டிசென்டிங், பற்றனைசிங் என்ற இரண்டும்தான். ஏனென்றால் இவை சிரித்த முகத்தோடு வருகின்றன. திட்டினால் தெரியும்; அன்பாகப் பேசிக்கொண்டே கீழே வைத்தால் என்ன செய்வது?

கொன்டிசென்ட் என்றால் இறங்கி வருதல். ஒரு காலத்தில் அது பாராட்டு. 1813இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'பிறைட் அன்ட் பிரிஜுடிஸ்' நாவலில், மிஸ்டர் கொலின்ஸ் தன் சீமாட்டியின் இந்தக் குணத்தைப் புகழ்ந்து தள்ளுவார். ஆஸ்டின் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பது வேறு விடயம். படிகள் இருக்கின்றன என்று எல்லோரும் ஏற்ற காலத்தில் இறங்கி வருவது தயவு. படியே இல்லை என்று நினைப்பவரிடம் இறங்கி வந்தால் அது அவமதிப்பு.

பற்றனைசிங் என்ற சொல்லுக்குள் இருப்பவர் தகப்பன். நம் விழா அழைப்பிதழ்களில் 'போஷகர்' என்று அச்சிடுகிறோமே, அந்தப் பேற்றன்தான். போஷகர் கேட்டுக்கொண்டால் வரலாம். கேட்காமலே ஒருவர் நமக்குப் போஷகராகி, வளர்ந்தவரைக் குழந்தையாக்கிப் பேசினால் அது பற்றனைசிங்.

பல வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சிப் பட்டறையில் என்னிடம் ஒருவர், கிழக்கிலிருந்து வந்த ஒருவருக்கு என் ஆங்கிலம் மிகவும் நல்லது என்றார். மனம் நொந்து வந்தேன். 'உங்கள் ஆங்கிலம் நல்லது' என்பது பாராட்டு. நடுவில் அந்த 'ஃபோர்' என்ற சிறு சொல் வந்ததும் பாராட்டு கீழே விழுந்துவிடுகிறது. தமிழில் அதே வேலையை '-க்கு' செய்கிறது: "பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு கணிதமா!" இந்நாட்டுச் சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு 'கடுவ', அதாவது வாள், என்று பெயர் வைத்தது சும்மா அல்ல.

ஆனால் அந்த வாள் என் கையிலும் இருந்திருக்கிறது. ஒரு பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாயிடம் அவரது மகளின் புள்ளிகளைச் சின்னச் சின்னதாக உடைத்து, இரண்டு முறை "விளங்கிச்சா?" என்று கேட்டு விளக்கினேன். அவர் சிரித்தபடி, "விளங்கிச்சி ரீச்சர். எங்கட தெருச் சீட்டுக் கணக்கெல்லாம் நான்தான் எழுதுற" என்றார். இருபது பேருடைய சீட்டு. அவரது முந்தானையையும் வெயிலில் கறுத்த கையையும் பார்த்து நான் என்ன முடிவெடுத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். நான் ஏசவில்லை, குரலை உயர்த்தவுமில்லை.

பெருமை (கிப்று) என்பது உண்மையை மறுப்பதும் மனிதர்களைத் தாழ்வாகக் கருதுவதும் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. நல்ல உடையும் செருப்பும் விரும்புவது அதில் சேராது. அரகன்ட் அனேகமாக முதற்பகுதி. நான் அன்று செய்தது இரண்டாம் பகுதி.

பற்றனைசிங்குக்குத் தமிழில் ஒரு சொல் தேடினேன். 'இளக்காரம்' போதாது, அதில் சிரித்த முகம் இல்லை. கேள்வி கேட்ட பிள்ளை தன் மூத்தம்மாவிடம் விசாரித்துவிட்டு வந்து, "தலையத் தடவிப் பேசுற" என்றாள். கரும்பலகையில் அதைத்தான் எழுதினேன். அடுத்த பாடத்துக்கு ஒவ்வொருவரும் வீட்டில் கேட்ட '-க்கு' வாக்கியம் ஒன்றை எழுதி வர வேண்டும். யார் சொன்னது என்று பெயர் எழுதத் தேவையில்லை.