வளர்த்த உயிரை உண்ணலாமோ?

ஜப்பான் தேயத்து ஒசாகா மாகாணத்தில் 1990-ஆம் ஆண்டு குரோதா யசுபுமி என்னும் இளம் ஆசிரியர் தம் வகுப்பிற்கு ஒரு பன்றிக்குட்டியைக் கொணர்ந்தார். வளர்த்து முடிவில் உண்பதென்பதே தொடக்கத்துக் கருத்து. மாணாக்கர் 32 பேரும் அதற்குப் பெயரிட்டு, உணவளித்து, ஏறத்தாழ 900 நாள் பேணினர். 1993-இல் பள்ளியை விட்டு நீங்குங்காலத்து, அதனை இளைய வகுப்பாரிடம் ஒப்புவிப்பதா, இறைச்சிக்கூடத்திற்கு அனுப்புவதா என வாதம் மூண்டது. மாணாக்கர் கருத்து இருபாலும் பிரிந்து நின்றமையின், ஆசிரியர் இறைச்சிக்கூடமே என முடிவு கட்டினார். இது 2003-இல் அவரால் நூலாக எழுதப்பெற்று, 2008-இல் திரைப்படமுமாயிற்று. இவ்வாதத்தைச் சித்தாந்த நெறி நின்று ஆராய்வாம்.

கடையில் விலைக்குக் கொண்டு உண்பார் கொலையைக் காணாது ஒளிக்கின்றனர்; தாமே வளர்த்து முடிவையும் தாமே ஏற்பது நேர்மையன்றோ எனின், ஒளித்தல் குற்றமென்பது உண்மையே. வாங்குவார் இன்றி விற்பார் இலர் என்பது வள்ளுவர்க்கும் உடன்பாடு. ஆயினும், வெளிப்படச் செய்தமையாற் கொலை கொலையாகாது ஒழியுமோ? ஒழியாதென்க.

அறிவு குறைந்த விலங்கு மக்கட்கு உணவாகவே பிறந்தது எனின், அற்றன்று. உயிர்கள் எண்ணிலவாயினும் அநாதியே ஆணவத்திற் கட்டுண்டமையில் தம்முள் ஒப்பன. ‘பசு’ என்னும் பெயர் மக்களுயிர்க்கும் உரியதாதல் இதனாலேயாம். தநு கரண புவன போகங்கள் மலபரிபாகத்தின் பொருட்டு இறைவன் கூட்டுவித்தவை. பன்றியுடம்பும் அவ்வாறு ஓருயிர்க்கு அளிக்கப்பெற்ற கருவியே. அதனை நாச்சுவைக்காகச் சிதைக்கும் உரிமை நமக்கு எங்ஙனம் வந்தது?

இறத்தல் அதன் பிராரத்தம் எனின், ஆகுக. அது கொன்றாரை விடுவியாது. அவர்க்கு ஆகாமியம் ஏறுதல் ஒருதலை.

கண்ணப்பர் ஊன் படைத்திலரோ எனின், அவர் தம்மை மறந்த அன்பினாற் படைத்தார். தம் கண்ணையே இடந்தப்பிய அவ்வன்பு இலார், அவர் ஊனை மட்டும் சான்று காட்டுதல் பொருந்தாது.

இனி, அச்சிறாரைப் பழித்தல் தகாது. பெயரிட்டழைத்த வாய் உண்ணக் கூசியது. அக்கூச்சமே அருளின் முளை. திருக்குறளில் அருளுடைமை 25-ஆம் அதிகாரமாகவும், புலான் மறுத்தல் 26-ஆம் அதிகாரமாகவும் நிற்கும் முறையை நோக்குக. அருள் முற்பட, மறுத்தல் அதன் பயனாய்ப் பின்வரும். அம்முளையைக் கண்ட ஆசிரியர் செயற்பாலது அதற்கு நீர் வார்த்தலேயன்றி, கிள்ளியெறிதலன்று.

பெயரிடப்பெற்ற ஒன்றன்மேற் சென்ற அருள், பெயரறியா உயிர்களிடத்தும் செல்லுதல் வேண்டும். வீட்டிலும் மடத்துப் பாடசாலையிலும் சிறார்க்கு முதற்கண் உணர்த்தற்குரியது இதுவேயாம்.