பாறையின் அடியைப் பார், யாழினி

அன்புள்ள யாழினிக் கண்ணுக்கு,

நீ அனுப்பிய பாறையேற்ற இடங்களின் பட்டியல் கிடைத்தது. ஹம்பி, பாதாமி, ராமநகரா என்று கர்நாடகத்தையே அளந்திருக்கிறாய். பெங்களூரில் செயற்கைச் சுவரில் ஏறப் பழகி வந்ததிலிருந்து வீட்டில் ஒரு கதவு நிலையையும் நீ விட்டுவைப்பதில்லையாம். விரல் நுனியில் தொங்கிக்கொண்டே ஃபோன் பேசுகிறாயாம். உன் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். தொங்கு, தங்கம். கதவு நிலை தேக்கு, தாங்கும். ஆனால் பட்டியலின் கீழே ஒரு வரி எழுதியிருந்தாயே, "அக்கா பிள்ளைகளையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி நம்ம பக்கத்தில் பாறை எங்கே இருக்கு பெரியப்பா" என்று, அதைப் படித்த பிறகு எனக்கு நிறையப் பேசத் தோன்றியது.

நம் பக்கம் தட்டை பூமி. அம்பத்தூர் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லி தாண்டினால் செம்பரம்பாக்கம் என்று எங்கே திரும்பினாலும் தண்ணீரும் வண்டல் மண்ணும்தான். கல்லைத் தேடினால் தெற்கே பல்லாவரம், பரங்கிமலை பக்கம் போகவேண்டும். இல்லையென்றால் வடமேற்கே பூண்டிக்கு மேலே.

முதலில் என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். பூந்தமல்லியிலிருந்து குன்றத்தூர் போகிற வழியில் சிக்கராயபுரம் கல்குவாரிகள் இருக்கின்றன. செங்குத்தான கல் சுவர், கீழே பச்சைத் தண்ணீர், வீட்டுக்குப் பக்கம், கேட்க ஆளில்லை. உன்னை மாதிரிப் பிள்ளைகளின் கண் முதலில் அங்கேதான் போகும். 2017 வறட்சியில் அந்தக் குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். அதிலிருந்தே ஆழத்தைத் தெரிந்துகொள். ஏரிக்குக் கரை சரிவாக இறங்கும். குவாரிக்குக் கரையே கிடையாது, ஓர் அடி தவறினால் நேராக ஆழம்தான். சுவரும் நம்பத்தக்கதல்ல. வெடிவைத்துப் பிளந்த பாறையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே ஓடும். வெளியே உறுதியாகத் தெரிகிற பிடி கையோடு வந்துவிடும். கோடை விடுமுறை வந்தால் எங்காவது ஒரு கல்குட்டையில் பிள்ளைகள் மூழ்கிய செய்தியைப் படிக்கவேண்டியிருக்கிறது. அந்தப் பக்கம் போகாதே. நீ தனியாகக்கூடப் போகாதே.

அதற்குப் பதில் அதே சாலையில் குன்றத்தூர் முருகன் கோயிலுக்குப் போ. 84 படி. சிரிக்காதே. பாட்டி ஏறிவிடுவாள், அக்காவின் சின்னவன் ஓடியே ஏறிவிடுவான். இறங்கும்போதுதான் அவனைப் பார்க்கவேண்டும். எந்தக் குழந்தையும் ஏறிவிடும், இறங்கத் தெரியாமல்தான் அழும். ஏறும்போது பிடி கண்ணுக்கு நேரே இருக்கிறது, இறங்கும்போது கால் வைக்கிற இடம் தெரிவதில்லை. கல்லைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, ஒரு காலால் கீழே துழாவி, அது பதிந்த பிறகு மற்ற காலை எடுப்பதற்கு அந்தப் படிகளிலேயே பழக்கு. எவ்வளவு உயரத்திலிருந்து தானாக இறங்க முடியுமோ அவ்வளவு உயரம்தான் ஏறலாம் என்பதை ஒரு வீட்டுச் சட்டமாகவே வைத்துக்கொள். உனக்கும் சேர்த்துத்தான்.

அடுத்தது மாமல்லபுரம். வெளிவட்டச் சாலை வந்த பிறகு ஆவடியிலிருந்து நகருக்குள் நுழையாமலே வண்டலூர் போய், அப்படியே கடற்கரைப் பக்கம் போய்விடலாம். கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை நிற்கிற சரிவில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சறுக்கி விளையாடி அந்தக் கருங்கல்லே வழுவழுப்பாகிவிட்டது. கயிறில்லாமல் பாறையில் நடக்கக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. பயந்த பிள்ளை பாறையோடு ஒட்டிப் படுக்கும். படுத்தால் கால் வழுக்கும். நிமிர்ந்து நின்று, உள்ளங்கால் முழுவதும் கல்லில் பதித்து, எடையைக் காலில் இறக்கினால் கால் நிற்கும். இதை வாயால் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியாது, நீ நடந்து காட்டு. ஆனால் அங்கே மொட்டைப் பாறையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த வளாகம் 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. செதுக்கிய கல்லில் கால் வைப்பதோ, உன் கைக்குப் போடுகிற சாக் பொடியைப் பூசுவதோ கூடவே கூடாது. காவலாளி விரட்டுவார் என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு சிற்பி விட்டுப்போன உளித்தடத்தை நம் செருப்பு தேய்க்கக் கூடாது. பிள்ளைகள் உன்னைப் பார்த்துத்தான் செய்வார்கள்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அம்பத்தூரில் லோக்கல் ஏறினால் திருவள்ளூர். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் பூண்டி. கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம், அதன் பக்கத்திலேயே தொல்பழங்கால அகழ்வைப்பகம். முதலில் அதற்குள் பிள்ளைகளைக் கூட்டிப்போ. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் பூண்டிக்குப் பக்கத்து அதிரம்பாக்கத்திலும் கற்கருவிகள் குவியலாகக் கிடைத்தன. அந்தக் கருவிகளில் மிகப் பழையவை பதினைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-இல் ஆய்வாளர்கள் கணித்துச் சொன்னார்கள். அங்கிருந்து மேலே போனால் அல்லிக்குழி மலைத்தொடரில் குடியம் குகைகள். முள்காட்டுக்குள் நடந்து போய் நின்றால், தலைக்கு மேல் பிரம்மாண்டமாக வளைந்து கவிந்த பாறை. அதன் உடல் முழுக்கக் கூழாங்கற்கள் பதிந்திருக்கும்.

உன் கை பரபரக்கும். ஒவ்வொரு கூழாங்கல்லும் ஒரு பிடியாகத் தெரியும். அதில் தொங்காதே, கண்ணு. இந்த மலைகளின் கூழாங்கல் பாறையிலிருந்து கழன்று விழும் என்பதால்தான் ஆதிமனிதனுக்குக் கருவி செய்யக் கல் கிடைத்தது. அவனுக்குக் கழன்ற கல் உனக்கும் கழலும், கீழே நிற்கிற குழந்தையின் தலையில் விழும். அங்கே மலைத்தேனீ அடைகளும் உண்டு. கவிந்த பாறை எங்கே இருந்தாலும் அடியில் போய் நிற்குமுன் அண்ணாந்து பார். சென்ட் பூசிக்கொண்டு போகாதே, நெருப்பு மூட்டாதே, பிள்ளைகளைக் கத்த விடாதே. குடியம் பார்க்கிற இடம், ஏறுகிற இடமல்ல. பாட்டிக்கு அந்த நடை அதிகம். அவளை அகழ்வைப்பகத்தோடும் அணைக்கட்டுக் காற்றோடும் விட்டுவிட்டு, துணைக்கு நான் இருந்துகொள்கிறேன்.

காட்டுக்குள் சொல்லாமல் போகிற எண்ணமே வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள், பலர் உன் வயதுக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு ஆசைப்பட்டவர்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 தடங்களில் குடியமும் ஒன்று. ஆன்லைனில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். குழந்தைகளுக்கான வயது விதியைப் பணம் கட்டுமுன் படித்துவிடு. தீப்பிடிக்கும் காலத்தில் தடங்களை மூடிவிடுவார்கள்; மார்கழி, தை உனக்குச் சரியான மாதங்கள். மழை விட்ட உடனேயும் போகாதே, பாறையில் கறுப்பாகக் கோடு இறங்கியிருக்கும் இடமெல்லாம் ஈரத்தில் வழுக்கும். மாசி பிறந்துவிட்டால் காலை பத்து மணிக்கே கருங்கல் தோசைக்கல் மாதிரிச் சுடும்.

கயிறு கட்டி ஏறுகிற நாள் வேண்டுமென்றால், பிள்ளைகளுக்குக் கற்றுத்தரத் தெரிந்த பயிற்சியாளரோடு கர்நாடகத்துக்கே போங்கள், நான் தடுக்கவில்லை. ராமநகராவில் ஒரு குன்று பிணந்தின்னிக் கழுகுகளின் சரணாலயம், அதை மட்டும் விட்டுவிடு. இடத்தை எப்படித் தேர்வாய்? நீ மேலே பார்ப்பாய், எது கடினமான வழி என்று. குடும்பத்தோடு போகிறவள் முதலில் கீழே பார்க்கவேண்டும். அடிவாரம் சமமாக இருக்கிறதா, பாட்டி உட்கார மதியம் வரை நிழல் உண்டா, கல் விழுகிற கோட்டுக்கு வெளியே சின்னவன் விளையாட இடம் இருக்கிறதா, வண்டி நிற்கிற இடத்துக்கு ஒருவரைத் தூக்கிக்கொண்டு வர எவ்வளவு நேரமாகும், பெண்கள் ஒதுங்க வசதி உண்டா என்றெல்லாம் பார். பிள்ளைகள் இல்லாமல் ஒரு நாள் முன்னாடியே போய், ஏறாமல், அரைமணி நேரம் அடியில் சும்மா உட்கார்ந்துவிட்டு வா. உனக்கு அதுதான் கஷ்டமான பயிற்சி, எனக்குத் தெரியும்.

இனிக் கயிற்றுக்கு வருகிறேன். நான் ஆவடித் தொழிற்சாலையில் கிரேன் பகுதியில் இருந்தவரை, பளு தூக்கும் ஸ்லிங்கை மாட்டுமுன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் உருவிப் பார்ப்போம். நேற்று பார்த்தோமே என்று ஒருநாளும் விட்டதில்லை. கண்ணுக்குத் தப்பிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும். உன் கயிற்றையும் அப்படி உருவு. எங்காவது மெலிந்தோ, தட்டையாகவோ, உள்ளே உடைந்த மாதிரி மடங்கியோ பட்டால் அதோடு அந்தக் கயிறு முடிந்தது. வெயிலிலும் பேட்டரிப் பக்கத்திலும் வைக்காதே, நைலானை அமிலம் தின்றுவிடும். முடிச்சை நீ போட்டாலும் இன்னொருவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே காலைத் தூக்கு. கீழே நின்று உன் கயிற்றைப் பிடிக்கிறவர் கையில் ஃபோன் இருக்கக் கூடாது. சின்னவனுக்கு இன்னும் இடுப்பே வரவில்லை, இடுப்பு ஹார்னஸ் தலைகீழானால் நழுவிவிடும். தோளும் சேர்த்துக் கட்டுகிற முழு உடல் ஹார்னஸ்தான் வாங்கவேண்டும். அதற்கான பணம் என்னுடையது, உன் அக்காவிடம் வாதாடாதே. ஹெல்மெட் ஏறுகிறவருக்கு மட்டுமல்ல, அடியில் நிற்கிற எல்லாருக்கும் வேண்டும்.

உன் தோழி கயிறு தருவதாகச் சொன்னாளாமே. எந்த ஆண்டு வாங்கியது, யு.ஐ.ஏ.ஏ. பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று கேட்டு எழுது. பத்து ஆண்டுக்கு மேல் என்றால் ஒருமுறைகூடப் பயன்படுத்தாத கயிறானாலும் வேண்டாம். அவளுக்கே தெரியவில்லை என்றாலும் வாங்கிவராதே, துணி உலர்த்தக் கட்டிக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா