14 கிலோபாஸ்கல் என்று திரையில் வந்தால்

அன்புள்ள தம்பிக்கு,

எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏஆர்டி மையத்திலிருந்து வருபவர்களுக்கு ஃபைப்ரோஸ்கேன் எடுக்கும் பொறுப்பு உனக்கு வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. ஊசி குத்திச் சதை எடுக்காமலே கல்லீரலின் இறுக்கத்தைச் சொல்லும் கருவி அது. விலா எலும்புகளுக்கு நடுவே புரோபை வைத்து அழுத்தினால் 50 ஹெர்ட்ஸில் மெல்லிய ஒரு தட்டு. அந்த அதிர்வு உள்ளே ஓடும் வேகத்தை அல்ட்ராசவுண்ட் அளக்கிறது. இறுகிய கல்லீரலில் வேகம் கூடும்; திரையில் வரும் கிலோபாஸ்கல் எண்ணும் கூடும்.

எண்ணைப் பார்க்குமுன் ஆளைப் பார். சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். விடியற்காலைப் பேருந்து பிடித்து வருகிறவர் வழியில் இரண்டு இட்லி சாப்பிட்டிருப்பார். "வெறும் வயிறுதானே?" என்று கேட்டால், திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் தலையாட்டுவார். "கடைசியா எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?" என்று கேள். சரியான அளவுகள் பத்தாவது வேண்டும். அவற்றின் சிதறல் நடுமதிப்பில் 30 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி எடு.

எச்.ஐ.வி. உள்ளவர்களில் பலர் காசநோய் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். அதனால் கல்லீரல் அழன்று எஸ்ஜிபிடி என்சைம் ஏறியிருக்கும் வேளையில் அளந்தால், தழும்பே இல்லாதவருக்கும் 14 காட்டக்கூடும். என்சைம் இறங்கியபின் திரும்ப அளக்காமல் 'சிரோசிஸ்' என்று எழுதிவிடாதே. அந்த ஒரு சொல் ஒரு குடும்பத்தையே உலுக்கிவிடும். ஹெபடைடிஸ் பி-யும் இருப்பவரிடம், மாத்திரையை இடையில் விட்டாரா என்று விசாரி. டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த வைரஸையும் அடக்கி வைப்பவை. நிறுத்தினால் அது கிளம்பும், எண்ணும் ஏறும்.

எதிர்ப்பக்கத்திலும் ஏமாற வாய்ப்புண்டு. பல ஆண்டுகளுக்கு முன் டிடனோசின் என்ற எச்.ஐ.வி. மருந்தைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரலின் சிறு ரத்தநாளங்கள் கெட்டு, மண்ணீரல் பெருத்து, உணவுக்குழாய் நாளங்கள் புடைத்திருக்கும். கருவியோ சற்றே கூடிய எண்ணைத்தான் காட்டும். தட்டணுக்கள் குறைந்திருந்தால், எண் நன்றாக இருக்கிறதென்று வீட்டுக்கு அனுப்பாதே. பழைய மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார், மண்ணீரலையும் ஸ்கேன் செய்யச் சொல்.

இன்னொன்று. எச்.ஐ.வி. என்பதற்காக ஜெல் தடவ இரட்டைக் கையுறை மாட்டாதே. புரோப் தோலின் மேல்தான் படுகிறது. எல்லோருக்கும் துடைப்பதுபோலத் துடைத்தால் போதும். நோயாளியின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வராந்தாவில் நின்று "ஏஆர்டி கேஸ் யாரு?" என்று கூப்பிடும் வழக்கம் அங்கே இருந்தால், முதல் நாளே அதை நிறுத்திவிடு.

அன்புடன்,
அண்ணன்