நடுவயதில் செவிலியர் பயிற்சி: முதற்படியைத் திறப்பது எப்படி?

மைசூர் நகரின் வடமேற்கில் அமைந்துள்ள விஜயநகர், கட்டம் கட்டமாக விரிவடைந்த குடியிருப்புப் பகுதியாகும். பணி ஓய்வுக்குப் பின் வாழ்வதற்கு ஏற்ற ஊர் என்று மைசூருக்கு நெடுநாளாகப் பெயர் உண்டு. இத்தகைய பகுதிகளில் முதியோரைப் பேணும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டுப் பெண்களையே சாருகிறது.

அங்கு வாழும் ஓர் இல்லத்தரசியை உதாரணத்திற்காக எண்ணிப் பார்ப்போம். அவர் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர். வயது 38. பக்கவாதத்தால் படுத்த மாமியாரை மூன்றாண்டுகள் கவனித்தவர். வேளை தவறாமல் மருந்து கொடுப்பது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, நோயாளியின் அச்சத்தை ஆற்றுவது ஆகியவற்றை அனுபவத்திலேயே கற்றவர். பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர், குடும்பத்திற்கு வருவாயும் தேவைப்படுகிறது. முறையாகச் செவிலியர் பயிற்சி பெற அவர் விரும்பினால், நமது கல்வி அமைப்பு அவருக்கு என்ன விடை அளிக்கிறது? இதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பற்றாக்குறையின் வரலாறு

இந்தியாவில் முறையான செவிலியர் கல்வி நீண்ட வரலாறு உடையது. 1871-ம் ஆண்டில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1926-ம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், தேவைக்கு ஏற்ற அளவில் செவிலியர் உருவாகவில்லை. 1946-ம் ஆண்டில் அறிக்கை அளித்த போர் குழு, 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர் என்ற நிலையே நாட்டில் இருந்ததாகக் கணக்கிட்டது. அதன்பின் பயிற்சி நிறுவனங்கள் பன்மடங்கு பெருகியுள்ளன. ஆயினும் இக்குறை உலகெங்கும் தொடர்கிறது. உலகில் 2 கோடியே 79 லட்சம் செவிலியர் இருந்தும், மேலும் 59 லட்சம் பேர் தேவைப்படுகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ம் ஆண்டில் தெரிவித்தது.

வயது வந்த பெண்களை இத்துறைக்குக் கொணர்வது நமக்குப் புதிய சிந்தனை அன்று. 1953-ம் ஆண்டில் அமைக்கப்பட்ட மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவர் துர்காபாய் தேஷ்முக், இளமையில் தடைபட்ட கல்வியைப் பின்னர் தொடர்ந்து, 1942-ம் ஆண்டில் சட்டப் பட்டம் பெற்றவர். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய பெண்களுக்காக, அவ்வாரியம் 1958-ம் ஆண்டில் சுருக்கக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. ஆசிரியை, கிராம சேவகி, செவிலியர், மருத்துவச்சி போன்ற பணிகளுக்கு வேண்டிய அடிப்படைக் கல்வித் தகுதியை அவர்கள் பெறுவதற்கு இத்திட்டம் வழிவகுத்தது. வாழ்க்கை அனுபவம் பெற்ற பெண் நாட்டுக்குத் தேவையான மனிதவளம் என்ற கருத்தே இதன் அடிப்படையாகும்.

இன்றைய படிகள்

இந்தியச் செவிலியர் மன்றம் வகுத்த நெறிகளின்படி, இத்துறையில் நுழைய மூன்று முக்கிய வழிகள் உள்ளன. முதலாவது, துணைச் செவிலியர், மகப்பேறு உதவியாளருக்கான ஈராண்டுப் பயிற்சி. பன்னிரண்டாம் வகுப்பில் கலைப் பாடங்களைப் படித்தவரும் இதில் சேரலாம். இரண்டாவது, பொதுச் செவிலியம், மகப்பேற்றியலுக்கான மூன்றாண்டுப் பட்டயம். இதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்துடன் 40 விழுக்காடு மதிப்பெண் தேவை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் தேறியவரும் விண்ணப்பிக்கலாம். மூன்றாவது, நான்காண்டு இளநிலைப் பட்டப்படிப்பு. இதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்கள் அவசியம்.

இம்மூன்றிலும் சேரக் குறைந்த வயது 17. அதிக வயது 35. ஆகவே, நமது விஜயநகர் இல்லத்தரசிக்கு மூன்று வாயில்களும் மூடியிருக்கின்றன.

இங்கே ஓர் உண்மையைக் கவனித்தல் வேண்டும். துணைச் செவிலியராக ஏற்கனவே தேறியவர் பட்டயப் படிப்பில் சேர வயது வரம்பு இல்லை. அவர் நாற்பது வயதிலும் பொதுச் செவிலியராக உயரலாம். பட்டயம் பெற்றுப் பதிவு செய்தவர், ஈராண்டுப் பட்டயப் பிந்தைய இளநிலைப் பட்டத்தையும் பெற வழியுண்டு. மேற்படியில் ஏறுவதற்குத் தடையாகக் கருதப்படாத வயது, முதற்படியில் மட்டும் தடையாகிறது. நடுவயதுப் பெண்ணால் செவிலியக் கல்வியைக் கற்க இயலும் என்பதை நமது விதிகளே ஒப்புக்கொள்கின்றன எனலாம்.

ஆஷா பணியாளரின் நிலை

இம்முரண்பாடு ஆஷா பணியாளரின் வாழ்வில் தெளிவாகத் தெரிகிறது. 2005-ம் ஆண்டில் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம், ஆஷா பணிக்கு 25 முதல் 45 வயது வரையுள்ள பெண்களைத் தேர்ந்தெடுக்க வகை செய்தது. மணமானவர், கணவரை இழந்தவர், மணமுறிவு பெற்றவர் ஆகியோருக்கு முன்னுரிமை தரப்பட்டது. 2013-ம் ஆண்டில் நகர்ப்புற சுகாதார இயக்கமும் தொடங்கப்பட்டதால், நகரங்களிலும் இப்பணி விரிந்தது. வீடுதோறும் சென்று கர்ப்பிணிகளையும் பச்சிளங்குழந்தைகளையும் கவனிக்க அனுபவமுள்ள பெண்ணே ஏற்றவர் என்று அரசு கருதியது பொருத்தமானதே. ஆனால், 40 வயதில் ஆஷாவாகத் தேர்வு பெறும் பெண், பல ஆண்டுகள் திறம்படப் பணியாற்றினாலும், பொது விதியின்படி துணைச் செவிலியர் பயிற்சியில் சேர முடியாது. சில மாநிலங்கள் செவிலியர் பயிற்சிப் பள்ளிகளில் ஆஷா பணியாளருக்கு முன்னுரிமை அளித்துள்ளமை பாராட்டத்தக்கது. எனினும், வயது கடந்தவருக்கு அது பயன்தர வேண்டுமானால் வரம்பிலும் தளர்வு தேவை.

மறுப்புகளும் விடைகளும்

மேல் வயது வரம்புக்கு ஆதரவாக இரு காரணங்கள் கூறப்படலாம். பயிற்சிக்குச் செலவிடும் பொதுப்பணத்திற்கு ஈடான பணிக்காலம் கிடைக்காது என்பது ஒன்று. கர்நாடகத்தில் அரசு ஊழியரின் ஓய்வு வயது 60. ஒருவர் 40 வயதில் துணைச் செவிலியர் பயிற்சியில் சேர்ந்தால் 42-ல் தேறுவார். பணி கிடைப்பின் 18 ஆண்டுகள் உழைக்கலாம். பிள்ளைப்பேறும் குழந்தை வளர்ப்பும் முடிந்தபின் வருபவர் என்பதால், அக்காரணங்களால் பணி இடைமுறிவதும் குறையும். ஈராண்டுச் செலவுக்கு இது குறைந்த பயன் அன்று.

செவிலியர் பணியின் உடலுழைப்பு மற்றொரு காரணம். இரவுப் பணி, நெடுநேரம் நிற்றல், நோயாளியைத் தூக்குதல் ஆகியவை எளியவை அல்ல. தம்மினும் இளைய ஆசிரியரிடம் கற்பதும், நெடுநாளுக்குப் பின் உடற்கூறியல் பாடங்களைப் படிப்பதும் மனத்திண்மையைக் கோரும். இவற்றை விண்ணப்பதாரரிடம் மறைக்கலாகாது. ஆனால், உடற்தகுதியை மருத்துவச் சான்றால் அறியலாம். பிறந்த ஆண்டு மட்டுமே அதை உணர்த்திவிடாது. பிரிட்டனில் செவிலியர் பட்டப்படிப்பில் சேர மேல் வயது வரம்பு இல்லை. பதிவு பெற்றவர் மூன்றாண்டுக்கு ஒருமுறை தம் தகுதியை மெய்ப்பித்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அங்கு அளவுகோலாக இருப்பது வயது அன்று, தகுதியே.

செய்ய வேண்டுவன

1947-ம் ஆண்டின் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டத்திற்கு மாற்றாக, 2023-ம் ஆண்டில் தேசியச் செவிலியம், மகப்பேற்றியல் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. விதிகளை மறு ஆய்வு செய்ய இது நல்ல தருணம்.

முதலாவதாக, ஐந்தாண்டு பணி முடித்த ஆஷா பணியாளருக்கேனும் துணைச் செவிலியர் பயிற்சியில் வயது வரம்பை 45 ஆக உயர்த்தலாம். இரண்டாவதாக, பயிற்சி முடிப்பவர் வேலையின்றி நிற்காதிருக்க, பணி நியமன வயது வரம்பையும் அதற்கேற்பத் தளர்த்த வேண்டும். மூன்றாவதாக, குடும்பப் பொறுப்புள்ள மாணவியர் வீட்டிலிருந்தே வந்து படிக்க அனுமதியும், பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் வேண்டும். நான்காவதாக, முதியோர் பராமரிப்பு, நோய்த்தணிப்புச் சிகிச்சை, சமுதாய சுகாதாரம் ஆகிய துறைகளில் இவர்களின் அனுபவத்தைப் பயன்படுத்தலாம்.

விதிகள் மாறும்வரை காத்திருக்க இயலாதோர், திறன் மேம்பாட்டுத் திட்டங்களின் வாயிலாக நடைபெறும் நோயாளி உதவியாளர், இல்லப் பராமரிப்பு உதவியாளர் பயிற்சிகளைப் பெறலாம். ஆனால், இவை செவிலியர் பதிவைத் தருவன அல்ல என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 35 வயதை நெருங்குவோர் காலந்தாழ்த்தாது, துணைச் செவிலியர் பயிற்சியிலேனும் சேர்ந்துவிடுவது நன்று. முதற்படியில் ஏறியவருக்கு மேற்படிகள் திறந்தே உள்ளன.

விஜயநகர் இல்லத்தரசி சலுகை கேட்கவில்லை. நுழைவுத் தகுதியிலும் தேர்விலும் இளையோருக்குரிய அளவுகோலே தமக்கும் பொருந்துவதை ஏற்கிறார். தம் தகுதியைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பை மட்டுமே நாடுகிறார். செவிலியர் பற்றாக்குறையைப் போக்க முயலும் நாடு அதனை மறுப்பது பொருளியல் நோக்கிலும் சிக்கனம் ஆகாது.