கிளச்சு செயலிழந்த வாகனத்தில் கியர் மாற்றுதல்

நெல் மூடை ஏற்றிய வாகனம் கிளச்சு இழந்து நடுவழியில் நிற்பது அறுவடைக் காலத்தில் கமக்காரர் பலர் கண்ட துன்பமாகும். வானம் இருண்டு வரும். சூட்டு நெல் வயலிற் கிடக்கும். திருத்துநரோ பல மைல் தொலைவில் இருப்பார். இந்நிலையில், கிளச்சை மிதிக்காமலே கியர் மாற்றி வாகனத்தை வீடு சேர்க்கலாம் எனச் சாரதிகள் சிலர் கூறுவர். அக்கூற்று உண்மையே. ஆயினும் எவ்வாகனத்துக்கு, எத்தகைய தெருவில் அது பொருந்தும் என்பதை அறியாது கையாள்வது உயிருக்கே கேடாக முடியும்.

பற்கள் உரசுவதன் காரணம்

கியர்ப்பெட்டியினுள் ஒரு பகுதியை எஞ்சின் சுழற்றுகிறது. மற்றொரு பகுதி வாகனத்தின் சில்லுகளோடு சேர்ந்து சுழல்கிறது. இவ்விரண்டையும் பற்களால் இணைப்பதே கியர் போடுதல். இரு பகுதிகளும் ஒத்த வேகத்திற் சுழலும்போது பற்கள் ஒன்றினுள் ஒன்று ஓசையின்றி இறங்கும். வேகம் வேறுபட்டால் உரசி அலறும். கிளச்சை மிதிக்கும்போது எஞ்சினின் பிடி விடுபடுவதால் வேகத்தை ஒப்பாக்குதல் எளிதாகிறது. கிளச்சு இல்லையேல் அவ்வேலையைச் சாரதியின் காலும் காதும் செய்தல் வேண்டும்.

ஓர் உதாரணம் இதனைத் தெளிவாக்கும். ஒரு லொறியின் மூன்றாம் கியரில், வெளித்தண்டு 1 முறை சுழல எஞ்சின் 1.5 முறை சுழல்கிறது எனக் கொள்வோம். நாலாம் கியரில் இரண்டும் ஒன்றுக்கொன்று சமம். எஞ்சின் நிமிடத்துக்கு 1500 முறை சுழல மூன்றாம் கியரிற் செல்லும் லொறியில் வெளித்தண்டின் வேகம் 1000 ஆகும். எனவே நாலாம் கியருக்கு மாற்ற எஞ்சின் 1500 இலிருந்து 1000 இற்கு இறங்க வேண்டும். நாலிலிருந்து மூன்றுக்கு வருவதாயின் அது 1000 இலிருந்து 1500 இற்கு ஏற வேண்டும். முழு வித்தையும் இவ்வளவே.

1928 இல் அமெரிக்காவின் கடிலாக் கார்களிலே, பற்களின் வேகத்தைத் தானே ஒப்பாக்கும் கூம்பு வளையங்கள் முதன்முதலாகப் பொருத்தப்பட்டன. கையாற் கியர் மாற்றும் இக்காலக் கார்களும், சிறு லொறிகளும், இவ்வமைப்பை உடையன. வளையம் இருக்கையிற் கவலை எதற்கு எனச் சிலர் எண்ணுவர். அவ்வளையம் கிளச்சுத் தட்டின் சிறு பாரத்தை அடக்கவே அமைந்தது. எஞ்சின் முழுவதையும் இழுத்து அடக்க அன்று. கிளச்சின்றி வன்மையாகத் தள்ளுவோர் அதனை விரைவில் தேய்த்துவிடுவர்.

முதலிற் பழுதை அறிதல்

அக்சிலேற்றரை மிதிக்க எஞ்சின் இரைந்து, கருகல் மணம் வீசி, வாகனம் நகராதிருந்தால் கிளச்சு வழுக்குகிறது என்பது பொருள். அதற்கு இம்முறையாற் பயனில்லை. பெடலை முற்றாக மிதித்தும் கியர் விழாது உரசுமாயின் கிளச்சு பிடி விடவில்லை. இம்முறை அதற்கே உரியது. கம்பியால் இயங்கும் கிளச்சாயின் கம்பி அறுந்திருக்கலாம். திரவத்தால் இயங்குவதாயின் பெடலை நாலைந்து முறை விரைந்து மிதித்துப் பார்க்க வேண்டும். சில வேளைகளில் வீடு சேரும் அளவுக்கு அழுத்தம் திரும்பும். கலத்தில் திரவம் குறைந்திருப்பின் உரிய திரவத்தையே ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு எஞ்சின் எண்ணெயை ஊற்றுவோர் உள்ளிருக்கும் இறப்பர் வளையங்களையும் கெடுத்து, செலவை இரட்டிப்பாக்குவர்.

சம தெருவிற் காரும் சிறு லொறியும்

எஞ்சினை நிறுத்தி முதலாம் கியரைப் போட்டு, முன்னால் எவருமில்லை என்பதை உறுதி செய்தபின் ஸ்ராட்டரை இயக்கினால், வாகனம் குலுங்கி நகர்ந்தபடியே எஞ்சின் பற்றிக்கொள்ளும். பாரம் ஏற்றியிருப்பின் இது ஸ்ராட்டருக்கும் பற்றரிக்கும் பெருஞ்சுமை. சில கணங்களுக்கு மேல் இயக்கலாகாது. கிளச்சை மிதித்தாலன்றி ஸ்ராட்டர் இயங்காத புதிய வாகனங்களில், பெடலையும் மிதித்தபடியே இதனைச் செய்தல் வேண்டும்.

மேற்கியருக்கு மாற்றும்போது அக்சிலேற்றரை மெல்லத் தளர்த்த வேண்டும். எஞ்சின் தள்ளுவதும் இல்லை, இழுபடுவதும் இல்லை என்ற ஒரு கணத்தில் கியர்ப்பிடி இரு விரல்களுக்கு இணங்கி நியூற்றலுக்கு வந்துவிடும். எஞ்சின் ஓசை இறங்கும்வரை பொறுத்து, அடுத்த கியரின் வாயிலிற் பிடியை மெல்ல அழுத்தி வைத்திருக்க வேண்டும். வேகம் ஒத்தவுடன் அது தானே விழும். உரசும் ஓசை கேட்டால் உடனே பின்வாங்குதல் வேண்டும். தள்ளி வெல்லப் பார்க்கலாகாது.

கீழ்க்கியருக்கு மாற்றுதல் இதனினும் கடினம். நியூற்றலில் அக்சிலேற்றரைச் சிறிது மிதித்து, எஞ்சினை வேண்டிய வேகத்துக்கு ஏற்றி, அது இறங்கி வரும்போது பிடியை அழுத்த வேண்டும். பழக்கமில்லாதவர் இதற்கு முயலாது, இரண்டாம் கியரிலேயே மெதுவாக வீடு செல்வது மேல். அமெரிக்காவிற் பெரும் லொறிச் சாரதிகள் பலர் புறப்படவும் நிறுத்தவும் மட்டுமே கிளச்சைப் பயன்படுத்துவர் என்பது மெய்யே. ஆயின் அவர்கள் கியர்ப்பெட்டி வளையமற்றது, அவர்கள் பழக்கமும் பல்லாண்டுப் பழக்கம். நிறுத்தும்போது நிற்குமுன் நியூற்றலுக்கு எடுத்துப் பிறேக் பிடிக்க வேண்டும். எடுக்கத் தவறினால் பிறேக்கை விடலாகாது. எஞ்சின் அடங்கி வாகனம் நின்றுவிடும்.

உழவு இயந்திரம்

மேற்கூறியவற்றை உழவு இயந்திரத்தில் முயலுதல் தவறு. கலப்பை மண்ணிலிருக்க, எஞ்சினின் இழுவை நீங்கிய கணமே அது நின்றுவிடும்; வேகத்தை ஒப்பாக்க நேரமே கிடையாது. ஆதலாற்றான் பழைய உழவு இயந்திரங்களின் கியர்கள் நின்ற நிலையில் தெரிந்துகொள்ளும் வகையில் அமைக்கப்பட்டன. கிளச்சு கெட்டால், கலப்பையை உயர்த்தி, சுழல்கலப்பைக்கு வலுக்கொடுக்கும் பின்தண்டின் இணைப்பை நீக்கி, எஞ்சினை நிறுத்திக் குறைந்த கியர் ஒன்றைப் போட வேண்டும். பற்கள் நேர்ப்படாவிடின் சில்லை முன்னும் பின்னும் சற்று அசைத்தால் விழும். பின்பு ஆசனத்தில் அமர்ந்தே எஞ்சினை இயக்கி, இறுதிவரை அக்கியரிலேயே செல்ல வேண்டும். டீசலை நிறுத்துவதே வண்டியையும் நிறுத்தும் வழி.

கியரில் இருக்கும்போது ஸ்ராட்டர் இயங்காதபடி உழவு இயந்திரங்கள் பலவற்றில் காவல் ஆளி உண்டு. அதனைத் தவிர்க்கும்பொருட்டு, கீழே நின்று திருப்புளியால் ஸ்ராட்டரின் முனைகளைத் தொடுப்போர் உளர். கியரிலுள்ள இயந்திரம் பற்றியவுடன் பாய்ந்து, பக்கத்தில் நிற்பவரைப் பின்சில்லின் கீழ் இழுத்துவிடும். இவ்வாறு மாண்டோர் பல நாடுகளிலும் உண்டு. அத்தகைய இயந்திரத்தை இன்னொன்றாற் கட்டி இழுப்பித்தலே தக்கது. நடந்து செலுத்தும் இருசில்லு இயந்திரத்திலும் கிளச்சின்றி ஓட்டும் எண்ணம் வேண்டாம்.

சரிவான தெரு

நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் தெருவில் மரக்கறி மூடைகளோடு வரும் லொறியை எண்ணிப் பார்க்க. அதன் பாரத்தைத் தாங்கிப் பிடிப்பது பிறேக் மட்டுமன்று; கீழ்க்கியரில் இருக்கும் எஞ்சினுமாகும். கியரை நியூற்றலுக்கு எடுத்த கணமே அப்பிடி போய்விடும். வாகனத்தின் வேகம் கணத்துக்குக் கணம் கூட, கீழ்க்கியர் விழுவதற்கு எஞ்சின் அடைய வேண்டிய வேகமும் கூடிக்கொண்டே போகும். எஞ்சினால் எட்ட முடியாத வேகம் வந்தபின் எந்தச் சாரதியாலும் அக்கியரைப் போட இயலாது. எஞ்சியது பிறேக், அதுவும் சூடேறினால் பிடி தளரும். ஏற்றத்திலோ, நியூற்றலில் இருக்கும் ஓரிரு கணத்திலேயே பாரம் ஏற்றிய வாகனம் நின்று பின்னோக்கி உருளத் தொடங்கும்.

பிறேக் இல்லாத பெட்டி பூட்டிய உழவு இயந்திரத்துக்கு ஆபத்து இன்னும் பெரிது. இறக்கத்திற் பெட்டி பின்னிருந்து தள்ளி, இயந்திரத்தைக் குறுக்கே மடித்துக் கவிழ்த்துவிடும். இடம் வலம் எனப் பிரிந்த பிறேக் பெடல்களைக் கொளுக்கியால் இணைக்காது தெருவில் ஏறியிருப்பின் ஒரு பக்கம் மட்டும் பிடித்து, கவிழ்வது இன்னும் விரைவாகும். ஆகவே வழியில் ஒரு சரிவேனும் இருப்பின், கிளச்சு கெட்ட வாகனத்தின் சில்லுகளுக்குக் கல்லிட்டு அங்கேயே நிறுத்தி, மூடைகளை வேறு வண்டிக்கு மாற்றுதல் வேண்டும். மழையில் நனைந்த நெல்லைப் பின்னர் உலர்த்திக்கொள்ளலாம்.

பெரும்போகம் தொடங்குமுன் பெடலின் வெறும் அசைவு கைந்நூலிற் குறித்த அளவில் உள்ளதா எனப் பார்ப்பதும், கம்பி இழை பிரிந்திருப்பின் மாற்றுவதும் அரைநாள் வேலையே. உழும்போது பெடலின்மேற் காலை ஓய்வாக வைத்திருக்கும் பழக்கமும் கிளச்சைத் தேய்க்கும்; பெடலை மிதிக்காத வேளையிற் கால் தரைத்தட்டிலேயே இருத்தல் வேண்டும்.