ராத்திரிதான் சேர்ந்து சாப்பிட வேண்டுமா?

ஹைதராபாத்தில் மாதாப்பூர், கச்சிபௌலி பக்கம் ஐ.டி. வேலையில் இருக்கும் பெற்றோரிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு: "அமெரிக்கக்காரர்களோடு மீட்டிங் முடிய பத்து மணி ஆகிவிடும். குழந்தை எட்டு மணிக்கே போனைப் பார்த்தபடி சாப்பிட்டுத் தூங்கிவிடும்."

ராத்திரியை விட்டுவிடுங்கள். பள்ளி வேன் வருவதற்கு முன் கால் மணி நேரம் போதும். குடும்பமே கூட வேண்டியதில்லை. ஒரு பெரியவர் உட்கார்ந்தால் போதும். போன் மட்டும் வேறு அறையில் இருக்கட்டும், உங்களுடையதும்தான்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? தார்நாகாவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் 60 கிராமங்களில் 3 மாதக் குழந்தைகளை 15 மாதம் வரை கவனித்தார்கள். ஒரு பகுதித் தாய்மாருக்கு வழக்கமான அங்கன்வாடி சேவை மட்டும். இன்னொரு பகுதியினருக்கு என்ன ஊட்டுவது என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாம் பகுதியினருக்கு அதற்கு மேலும்: பசிக் குறிப்பைக் கவனி, முகம் பார்த்துப் பேசு, திணிக்காதே, விளையாடு. 2013இல் வெளியான முடிவில், இந்த மூன்றாம் பகுதிக் குழந்தைகளின் மனவளர்ச்சி மதிப்பெண், அங்கன்வாடி சேவை மட்டும் கிடைத்தவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. அது கைக்குழந்தைகளைப் பற்றிய ஆய்வு. ஆனால் முகம் பார்ப்பதும் பதில் சொல்வதும் ஐந்து வயதிலும் அதே வேலையைத்தான் செய்கின்றன என்பது என் கருத்து.

பேச்சு எப்படி இருக்க வேண்டும்? "ஹோம்வொர்க் முடிச்சியா?" என்று தொடங்கினால் அது விசாரணை. முதலில் உங்கள் கதையைச் சொல்லுங்கள்: மெட்ரோவில் நடந்த கூத்து, மேனேஜரின் அலட்டல். குழந்தை தானாகக் குறுக்கே வரும். பள்ளியில் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் பேசிவிட்டு வரும் பிள்ளைக்குத் தமிழ் புழங்கும் இடமும் இதுதான். பாதித் தெலுங்கில் சொன்னாலும் திருத்தாதீர்கள், கதை நின்றுபோகும்.

அப்பளம் பரிமாறும் பொறுப்பை நாலு வயதுக்காரரிடம் கொடுங்கள். ஆளுக்கொன்று வைத்துவிட்டுத் தன் பங்குக்குக் காத்திருப்பது அவருக்குப் பெரிய சோதனை. சில உடையும், உடையட்டும். பழைய நகரத்து வீடுகளில் தஸ்தர்கான் என்னும் சாப்பாட்டு விரிப்பை விரித்து எல்லோரும் தரையில் உட்காரும் வழக்கத்தைப் பாருங்கள்: குட்டிக்கும் எல்லாக் கிண்ணமும் எட்டும். டைனிங் டேபிளில் அந்த வசதி இல்லை.

பாட்டி ஊரிலிருந்து வந்தால் துரத்தித் துரத்தி ஊட்டுவார். சண்டை வேண்டாம், "அம்மா, நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்க, அவன் உங்களைப் பார்த்துச் சாப்பிடுவான்" என்று கூப்பிடுங்கள்.

ஒரு வயது தாண்டியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, முகம் பார்ப்பதில்லை என்றால் சாப்பாட்டுப் பழக்கத்தை மாற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனை என்றால் ரெட் ஹில்ஸில் நிலோஃபர் இருக்கிறது.