கூடம் கோணலா? குவிமாட அரங்குகளில் கல்லூரிக் கூடைப்பந்து

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது நாம் நன்கு அறிந்த பழமொழி. ஆனால், கூடமே ஆட்டத்திற்கு ஏற்றதாக இல்லாவிட்டால்? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து உலகில் நெடுங்காலமாக எழுப்பப்படும் கேள்வி இது. பல்லாயிரம் பேர் அமரும் மாபெரும் குவிமாட அரங்குகளில் இப்போட்டிகளை நடத்துவதன் நிறைகுறைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்கம்

1968 ஜனவரி 20ஆம் நாள் ஹியூஸ்டன் நகரின் அஸ்ட்ரோடோம் அரங்கில் ஹியூஸ்டன் பல்கலைக்கழகமும் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகமும் மோதின. ஆடுதளப் பலகைகள் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கொண்டுவரப்பட்டு, பரந்த திடலின் நடுவே பொருத்தப்பட்டன. 52,693 பேர் திரண்டனர். எல்வின் ஹேய்ஸ் 39 புள்ளிகள் குவிக்க, ஹியூஸ்டன் 71-69 என வென்றது. எதிரணியின் 47 ஆட்டத் தொடர் வெற்றி அன்றோடு முடிவுற்றது. கல்லூரிக் கூடைப்பந்துக்கும் பெருங்கூட்டம் கூடும் என்பதை அவ்வாட்டம் மெய்ப்பித்தது.

1971இல் தேசியப் போட்டியின் இறுதிச் சுற்றே அங்கு நடந்தேறியது. 1997 முதல் நடைபெற்ற ஆடவர் இறுதிச் சுற்றுகள் யாவும் இத்தகைய கூரையிட்ட பேரரங்குகளிலேயே நடைபெற்றுள்ளன. 2014இல் டெக்சஸ் மாநிலத்து ஆர்லிங்டனில் நடந்த இறுதியாட்டத்தை 79,238 பேர் நேரில் கண்டனர்.

குறைகள் யாவை?

கூடைப்பந்துத் தளத்தின் நீளம் 94 அடி. அகலம் 50 அடி. அமெரிக்கக் காற்பந்துக்கென அமைந்த திடலில் அது ஒரு மூலைக்குக்கூடப் போதாது. திடல் சமதளமாக இருப்பதால், பின்வரிசையினர் பார்ப்பதற்காகத் தளத்தை மேடைபோல உயர்த்துகின்றனர். அப்படியும் மேலடுக்கில் இருப்போர் ஆட்டக்காரர்களை விட்டுவிட்டுப் பெருந்திரையையே நோக்க வேண்டியுள்ளது.

மற்றொன்று, குறி பார்ப்பதில் வரும் இடர். சிறிய அரங்கில் கூடைக்குப் பின்னால் இருக்கைகள் நெருக்கமாக இருக்கும். குவிமாட அரங்கிலோ வெகுதூரம் வெற்றிடமே தெரியும். இதனால் தொலைவைக் கணிப்பது கடினம் என்பர்.

சான்றுகள் கூறுவது

2011இல் ஹியூஸ்டனின் ரிலையன்ட் அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் பட்லர் அணி 64 முறை எறிந்து 12 முறையே கூடையில் இட்டது. கனெக்டிகட் 53-41 என வென்றது. பலரும் அரங்கையே குறை கூறினர். ஆனால், என்.ஆர்.ஜி. என்று பெயர் மாறிய அதே அரங்கில், 2016 அரையிறுதியில் வில்லனோவா 49 எறிதல்களில் 35ஐக் கூடையில் இட்டது! ஆகவே, அரங்கு மட்டுமே காரணம் என முடிவுகட்ட இயலாது. எதிரணியின் தடுப்பாட்டம், களைப்பு, பதற்றம் ஆகியவற்றையும் கருத வேண்டும்.

எனினும், பார்வையாளரின் இழப்புக்கு இது விடையாகாது. ஆட்டக்காரன் அன்று மாலைக்குள் கூடத்திற்குப் பழகிவிடலாம். மேலடுக்கில் அமர்ந்த மாணவனுக்குத் தளம் நெருங்கி வரப்போவதில்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் வருவாயில் பெரும்பங்கு இப்போட்டியின் ஒளிபரப்பு உரிமையிலிருந்து வருகிறது. ஆகவே, வருவாய்க்குத் தொலைதூர இருக்கைகளே ஆதாரம் என்று வாதிடுவது கடினம். அதேவேளையில், சிறிய அரங்கைத் தேர்ந்தெடுத்தால் ஆயிரக்கணக்கானோர்க்கு நுழைவே கிடைக்காது என்பதையும் மறுக்க முடியாது.

கூடம் கோணல் இல்லை. அது வேறோர் ஆட்டத்துக்காகக் கட்டப்பட்டது என்பதே உண்மை.

சிந்தனைக்கு: எழுபதாயிரம் பேர் தொலைவிலிருந்து காண்பது சிறப்பா, இருபதாயிரம் பேர் அருகிலிருந்து காண்பது சிறப்பா? உங்கள் விடைக்கு இரண்டு காரணங்கள் கூறுக.